ஒன்பதாம் மணலின் நிழல்

எங்கள் புன்னைக்கரையில் மாதா கோயில் கோபுரத்தின் நிழல் நகர மறந்து ஏழு மாதம் ஒரே இடத்தில் படுத்துக் கிடந்ததைப் பற்றி வெளியூர்க்காரர்கள் கேட்டால் நாங்கள் பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை, ஏனென்றால் அந்த ஏழு மாதமும் எங்களுக்கு வலையின் கிழிசலைப் பொத்தவும் பிள்ளைகளைக் குளிப்பாட்டவும் சாளை மீன் விலைக்கு வியாபாரியோடு மல்லுக்கு நிற்கவும் வேலை இருந்தது, நிழல் பாட்டுக்கு நிழல் கிடந்தது. ஆனால் அது யாருடைய மணலில் கிடந்தது என்று கேட்டுவிட்டால் மட்டும் நான் தலையைக் குனிந்துகொள்வேன். அது கித்தேரியின் மணல். அதற்கு அடுத்த மணல் என்னுடையது.

முதலில் மணலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கோயிலுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் கருவாட்டுக் களத்தைக் கயிறு கட்டிப் பதினான்கு பாகமாகப் பிரித்து, தை மாதத் திருவிழா முடிந்த மறுநாள் கோயில் வாசலில் சீட்டுப் போட்டுக் கொடுப்பது எங்கள் வழக்கம். சிப்பி ஓடுகளில் எண் எழுதி ஒரு மண்பானையில் போட்டு வைத்திருப்பார்கள், கருவாடு போடும் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து கண்ணை மூடிக் கைவிட்டு எடுக்க வேண்டும். எடுத்த எண் அடுத்த திருவிழா வரைக்கும் அவளுடையது. மாற்றக் கூடாது, விற்கக் கூடாது, ஒரு நாளுக்குக்கூட இரவல் கொடுக்கக் கூடாது. ஒருத்தி மணலில் இன்னொருத்தியின் மீன் காய்ந்தால் கடல் கோபித்துக்கொண்டு மீனையெல்லாம் உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று எங்களுக்கு ஒரு நம்பிக்கை. அது உண்மையா பொய்யா என்று யாரும் சோதித்துப் பார்த்ததில்லை, அவ்வளவு பயம்.

கித்தேரியம்மாளுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது, கல்யாணம் கட்டிக்கொள்ளாதவள், கத்தி கூர்மை, வாய் அதைவிடக் கூர்மை. அவள் அதிர்ஷ்டத்தை என்ன சொல்ல, பதினொரு வருடம் பானைக்குள் கைவிட்டு பதினொரு வருடமும் பதினான்காம் எண்ணையே எடுத்தாள். பதினான்காம் மணல் ஓடைக்கரை ஓரம், எப்போதும் சொதசொதவென்று இருக்கும். அங்கே காய்ந்த கருவாட்டில் ஈரவாடை போகாது, வியாபாரி அவள் சாக்கை மூக்கால் மட்டும் பார்த்துவிட்டுக் கடைசிக்குத் தள்ளிவிடுவார். ஊரில் பாதிப் பேர் அவளை ஓடைக்காரி என்றே கூப்பிட்டார்கள்.

"ஒரு வருசம் மதினி, ஒரே ஒரு வருசம் நல்ல மணலு கெடைக்கட்டும். என் கைப்பக்குவம் என்னன்னு அப்பக் காட்டுதேன்" என்று என்னிடம் ஒவ்வொரு தை மாதமும் சொல்லுவாள். பன்னிரண்டாவது வருடம் அவள் கையில் ஒன்பதாம் ஓடு வந்தது. ஒன்பது என்றால் நடுமணல், பதினான்கிலும் அதுதான் உசத்தி, விடிந்ததிலிருந்து வெயில், அலை எட்டாத மேடு, நேரே அடிக்கும் காற்று. அவள் அந்த ஓட்டை முத்தமிட்டு ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள், எனக்குப் பத்தாம் ஓடு வந்தது, இரண்டு பேரும் அன்று ஒரே தட்டில் சோறு தின்றோம்.

பத்து நாள் கழித்துப் படக்காரர் வந்தார்.

அவர் பெயர் பரமார்த்தலிங்கம், ஊர் பாளையங்கோட்டை. சர்வே அலுவலகம் ஒன்றில் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர், தண்ணீர் வர்ணத்தில் இயற்கைக் காட்சி தீட்டுகிறவர். மூன்றேகால் பஸ்ஸில் ஒரு மடக்கு நாற்காலியும் பலகையும் தகரப் பெட்டியும் ஊறுகாய் பாட்டிலில் தண்ணீருமாக இறங்கி, யாரிடமும் ஒன்றும் கேட்காமல் களத்தின் தெற்கு ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடி, கையை நீட்டி, தூரிகைக் காம்பில் கட்டைவிரலை நகர்த்தி நகர்த்திக் கோபுரத்தை அளந்தார். அளந்ததற்கு மேல் ஒரு முழம் கூட்டவோ குறைக்கவோ மாட்டார். அழகுக்காக இல்லாத தென்னையைச் சொருகுகிறவர்களையும், தாளில் மெழுகு தேய்த்தும் பிளேடால் சுரண்டியும் ஈரத்தில் உப்பைத் தூவியும் மணல் மாதிரி, நுரை மாதிரிக் காட்டுகிறவர்களையும் அவருக்குப் பிடிக்காது, அதெல்லாம் கண்ணைக் கட்டுகிற குறளி வித்தை என்பார். பெட்டியில் கறுப்பும் கிடையாது, வெள்ளையும் கிடையாது. கையில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று வைத்திருந்தார், அவ்வப்போது படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அதைக் கண்ணாடியில் பார்ப்பார். நேரே பார்த்தால் தெரியாத பொய் கண்ணாடியில் தெரிந்துவிடும் என்பது அவர் கணக்கு.

அன்று சாயங்காலம் கித்தேரி அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் வாளை மீனுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். கோபுரத்தின் நிழல் அவள் மணலுக்குள் வந்துகொண்டிருந்தது. அதனால் அவளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை, நாலு மணிக்குள் எங்கள் மீனுக்கு அன்றைக்கு வேண்டிய வெயில் கிடைத்துவிடும், நிழல் அரை மணி நேரத்தில் தாண்டிப் போய்விடும்.

"ஐயா, கோபுரத்த வுட்டுட்டு மொதல்லயே நெழல வரையுதியளே?"

"கோபுரம் நாளைக்கும் நிக்கும்மா. நெழல் நமக்காகக் காத்துக்கிட்டிருக்காது. அதான் வந்த ஒடனே அத எடுத்து வச்சுக்கிடணும்."

"எடுத்துக்கிட்டுப் போங்க. எனக்கு வெயிலு இருந்தாப் போதும்." சொன்னவள் எட்டிப் பார்த்தாள். "நெழலு கறுப்புல்லா? நீங்க ஊதாவுல்ல பூசுதிய?"

"நல்லாப் பாரும்மா. கறுப்பு எங்க இருக்கு?"

அவள் உப்புக் கையோடு பார்த்தாள். மணலில் கிடந்த நிழலுக்குள் வானத்தின் நீலம் இறங்கியிருந்தது, நடுவில் ஊதா, கயிற்றோரமாகக் கொஞ்சம் செம்மண் நிறம். இத்தனை வருடம் கடற்கரையிலேயே கிடந்தும் இதைப் பார்க்கவில்லையே என்று அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. படக்காரர் பெரிய தூரிகையை நனைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் அந்த நிழலைத் தாளில் இறக்கினார், ஒன்பதாம் மணலின் இரண்டு கயிற்றுக்கும் நடுவில் நூல் பிடித்த மாதிரி, நுனியில் சிலுவையோடு. அப்போது மணி நாலு பத்து.

"நாளைக்கு வந்து வானம். அப்புறம் கடலு, கோபுரம். அவ்வளவுதான்."

"வெயிலு?"

"வெளிச்சத்துக்கு நான் ஒண்ணும் பூச மாட்டேன், தாள அப்படியே விட்டுருவேன். வெளிச்சம்ங்கிறது நாம கை வைக்காம விடுற எடம்தாம்மா."

தூரிகையைக் கழுவிப் பெட்டியை மூடி ஐந்தரை பஸ்ஸில் அவர் போய்விட்டார். நிழல் போகவில்லை.

முதலில் கண்டுபிடித்தவர் டீக்கடை பர்னபாஸ். அவர் கடை கோபுரத்துக்குப் பின்னால் மேற்கே இருக்கிறது, காலையில் கோபுர நிழல் அவர் பெஞ்சுகளில் விழும், அதில் உட்கார்ந்து டீ குடிப்பதற்கென்றே ஒரு கூட்டம் வரும். மறுநாள் காலையில் சூரியன் கடலுக்கு மேலே ஒரு ஆள் உயரம் வந்தும் பெஞ்சுகளில் வெயில் சுள்ளென்று அடிக்க, அவர் கரண்டியைக் கையில் பிடித்தபடியே கோயிலைச் சுற்றி முன்பக்கம் வந்து பார்த்தார். நிழல் சூரியனைப் பார்த்தே காலை நீட்டிப் படுத்திருந்தது. பர்னபாஸ் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "இங்கயா கெடக்க" என்று சொல்லிவிட்டுப் போய்ப் பால் காய்ச்சினார்.

கோயில் பாதிரியார், எங்கள் பங்குச்சாமி, வந்து பார்த்து, கோபுரத்தைப் பார்த்து, சூரியனைப் பார்த்து, பாப்போம் என்றார். எல்லாவற்றுக்கும் அவர் பாப்போம் என்றுதான் சொல்லுவார், ஆகவே அது எங்களுக்கு ஆறுதலாக இருந்தது. மூன்றேகால் பஸ்ஸில் படக்காரர் வந்தார், நிழல் இருக்க வேண்டிய இடத்தில் இருந்ததால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை, உட்கார்ந்து வானத்தை வரைந்தார். வேலையில் இருக்கிற மனுசனைத் தொந்தரவு செய்யக் கூடாதென்று நாங்களும் சொல்லவில்லை. ஐந்து மணிக்கு நிமிர்ந்து பார்த்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஆட்டினார், காதில் வைத்துக் கேட்டார். பிறகு எழுந்து போய் நிழலின் ஓரத்தில் ஒரு கிளிஞ்சலை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு ஐந்தரை பஸ் அவர் இல்லாமல் போனது, மறுநாளும் போனது, அதற்குள் பர்னபாஸ் கடைக்குப் பின்னால் அவருக்கு ஒரு அறை ஒழித்துக் கொடுத்தாகிவிட்டது.

ஒரு வாரத்தில் நாங்கள் நிழலோடு வாழப் பழகிவிட்டோம். சூரியன் தன் பாட்டுக்கு உதித்து உச்சிக்கு ஏறி இறங்கியது, நிலா வந்து போனது, எது வந்தாலும் கோபுரத்துக்கு அந்த ஒரே நிழல்தான், அதற்குள் எப்போதும் சாயங்காலம் நாலு பத்து. காய்ச்சல்காரர்களை அதில் கிடத்தினால் சூடு தணிந்தது, தூங்காத பிள்ளைகள் தூங்கின, வாங்கிக் கட்டிக்கொண்ட வசவுகளையெல்லாம் திருப்பிக் கொடுக்க வரிந்துகட்டிக்கொண்டு வந்தவர்கள் நிழலுக்குள் கால் வைத்ததும் வேலையெல்லாம் முடிந்துபோன மாதிரி ஒரு அசதி வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பர்னபாஸ் பெஞ்சையும் பாய்லரையும் அங்கேயே கொண்டுவந்துவிட்டார், நாலு மணிக்கு வரும் டீ ஆசை அங்கே நாள் முழுக்க வந்துகொண்டே இருந்தது. நுனியில் கிடந்த சிலுவையை யாரும் மிதிக்கவில்லை, நாய்கள்கூட வளைந்து போயின. படக்காரர் சொன்னதைக் கேட்டுக் கேட்டு எங்கள் கண்ணும் மாறிப்போனது, திருச்செந்தூர் ஜவுளிக்கடையில் போய் நின்று நிழல் ஊதாவில் சேலை எடுத்துப் போடச் சொல்லி எங்கள் பெண்கள் கடைக்காரரைப் பைத்தியமாக்கினார்கள்.

எல்லாவற்றுக்கும் கித்தேரியிடம் அனுமதி கேட்டுத்தான் செய்தோம். மணல் அவளுடையது அல்லவா.

"கித்தேரிக்கா, கொஞ்சம் கெடந்துக்கிடட்டா?"

"கெடங்க. நானா விரிச்சேன்?"

ஆனால் அவள் மீன் காயவில்லை. நிழலில் விரித்த சாளை முதல் நாள் அப்படியே இருந்தது, இரண்டாம் நாள் கண் கலங்கியது, மூன்றாம் நாள் ஈ மொய்த்தது, நாலாம் நாள் அவளே அள்ளிக்கொண்டு போய்க் கடலில் கொட்டினாள். ஓலைக் கூரையில் விரித்துப் பார்த்தாள், பாதியைக் காகமும் மீதியைப் பூனையும் கொண்டுபோயின. ஓடைக்கரையில்கூட அவளுக்கு அரைகுறையாகவாவது காய்ந்தது. பன்னிரண்டு வருடம் காத்திருந்து கிடைத்த நல்ல மணலில் ஒரு மீன்கூடக் காயவில்லை.

அவள் ஊர்க் கமிட்டிக்குப் போனாள். தலைவர் லெயோன் நல்ல மனுசன், நிழலுக்குள்ளேயே நாற்காலி போட்டுக் கூட்டம் நடத்தினார்.

"கித்தேரி, மாதா ஒன் மணலத் தேடி வந்து நெழல விரிச்சிருக்கா. பதினாலு மணல்ல வேற யாருக்கு இந்தப் பேறு கெடைக்கும்?"

"பேற நீங்க வச்சுக்கிடுங்க. எனக்கு வெயிலக் குடுங்க."

"வெயிலுக்கு நான் எங்க போவேன்?"

"மறுபடி சீட்டுப் போடுங்க. இல்ல, அடுத்த மணல்ல ரெண்டு பாய் விரிக்க விடுங்க."

கூட்டம் சலசலத்தது. லெயோன் தலையைத் தடவிக்கொண்டார். "நடக்கிற காரியமாச் சொல்லு. சீட்டு விழுந்தது விழுந்ததுதான். ஒருத்தி மணல்ல இன்னொருத்தி மீனு காஞ்சா கடலு சும்மா இருக்குமா? ஒண்ணு சொல்லுதேன் கேட்டுக்க. மணலு ஒன்னது. அதுல என்ன நடக்கணும்னாலும் ஒன்னயக் கேட்டுத்தான் நடக்கும், எவனும் குறுக்க பேச மாட்டான். அது போதும்லா?"

அவள் கூட்டத்தில் என்னைத் தேடினாள். நான் பிள்ளைக்குத் தலை பார்ப்பது போல் குனிந்துகொண்டேன்.

நாங்கள் ஒன்றும் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. வீட்டுக்கு ஒரு கை அரிசி அவளுக்குப் போனது, குழம்பு போனது, கோயிலில் முன்வரிசையில் இடம் கொடுத்தோம், கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்கார வைத்தோம், ஓடைக்காரி என்று யாரும் சொல்வதில்லை, நிழல்காரி என்றோம். எல்லாம் கொடுத்தோம், வெயிலை மட்டும் கொடுக்கவில்லை. என் பத்தாம் மணலில் விடிந்ததிலிருந்து பொழுது அடைகிறவரை வெயில் அடித்தது, அந்த வருடம் என் நெத்திலிக்கு வியாபாரி வீடு தேடி வந்தார். பங்குனியில் ஒரு நாள் கித்தேரி தன் பாயைக் கயிற்றோரமாக விரித்து, ஒரு சாண் அளவுக்கு என் மணலுக்குள் தள்ளி வைத்திருந்தாள். அந்தச் சாணில் பத்துப் பதினைந்து சாளை வெயிலைக் குடித்துக்கொண்டு கிடந்தன. என் வீட்டுக்காரர் கடலில் இருந்தார், எனக்குப் பயம் வந்துவிட்டது, காலால் மெதுவாக அந்தப் பாயைத் திருப்பித் தள்ளினேன். தள்ளிவிட்டு நிமிர்ந்தால் அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வாய்க்கூர்மை உள்ளவள் பேசாமல் போனது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

படக்காரர் அந்த ஒரே தாளில்தான் வேலை செய்துகொண்டிருந்தார். வானம் முடிந்தது, கடல் முடிந்தது, கோபுரமும் முடிந்தது, நிழலுக்கு மட்டும் முடிவு வரவில்லை. நின்று கொடுக்கிற நிழல் கிடைத்துவிட்டதால் அவர் ஒவ்வொரு மணல்துகளாகப் பார்க்க ஆரம்பித்திருந்தார். காலையில் வந்து உட்கார்ந்து ஒரு கால்தடத்தின் ஓரத்தை ஒரு மணி நேரம் பார்ப்பார், ஒரு துளி நீலம் வைப்பார், காயவிடுவார், மறுநாள் அதன்மேல் ஒரு துளி ஊதா. கண்ணாடியை எடுத்துப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். சித்திரை போனது, வைகாசி போனது, ஆனியும் ஆடியும் போயின, அவர் சிரிப்பில் மட்டும் எப்போதும் நாலு பத்து மணிச் சாயங்காலம் இருந்தது.

ஆவணிக் கடைசியில் ஒரு நாள் காலையில் கித்தேரி அவர் எதிரில் வந்து நின்றாள். கையில் அன்றைக்குக் கீறிய சாளைச் சட்டி, இடுப்பில் உப்பு வைத்த ஓலைக் கடகம். காயாது என்று தெரிந்தும் அவள் ஒரு நாள்கூடக் கீறாமல், உப்புப் போடாமல் இருந்ததில்லை.

"ஐயா, இத எப்ப முடிக்கப் போறிய?"

"முடிச்சாப் போயிருமேம்மா."

"போகணும்னுதான் கேக்கேன்."

அவர் தூரிகையைக் கீழே வைத்தார். "முப்பத்தாறு வருசம்மா. குத்தாலம், பாபநாசம், மணிமுத்தாறுன்னு எத்தன எடத்துல போயி ஒக்காந்திருக்கேன். ஒரு நெழலும் எனக்காக நின்னதில்ல. கலரு கலக்கி முடிக்கதுக்குள்ள எழும்பிப் போயிரும். நான் வரைஞ்சதெல்லாம் ஓடிப்போனதுக்குப் பின்னால நின்னு ஞாபகத்துல வரைஞ்சதுதான். இப்பத்தான் ஒண்ணு நின்னுருக்கு."

"ஒங்களுக்காக நின்னுச்சு. என் மேலல்லா நிக்கி."

அவள் குனிந்து படத்தைப் பார்த்தாள். ஆறேழு மாதத்துக்கு முன்னால் அவர் ஒரே இழுப்பில் இறக்கிய நிழலை அவள் மறக்கவில்லை, அதற்குள் கை விட்டால் குளிரும் போல இருந்தது. இப்போது அது நீலத்தின்மேல் ஊதா, ஊதாவின்மேல் பழுப்பு என்று ஏறி ஏறித் தடித்துப் போயிருந்தது. நிழலுக்கு வெளியே வெயிலுக்காக விட்டிருந்த வெறும் தாளையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏதாவது ஒரு நிறம் வந்து மூடியிருந்தது.

"கோவிச்சுக்கிடாதிய" என்றாள் கித்தேரி. "மீனு வந்த அன்னைக்கே கீறிரணும். நாளைக்குப் பாத்துக்கிடலாம், இன்னும் நல்லாப் பாத்துக்கிடலாம்னு வச்சா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். ஒங்க படம் நாறிட்டு, ஐயா."

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த நாங்களெல்லாம் டம்ளரை இறக்கிவிட்டோம். படக்காரர் தகரப் பெட்டிக்கு அடியிலிருந்து கண்ணாடியைத் தேடி எடுத்து, உப்புக்காற்றில் மங்கியிருந்ததை வேட்டியால் துடைத்து, படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பார்த்தார். கண்ணாடியில் என்ன தெரிந்ததோ, அவர் தோள் இரண்டும் மெல்ல இறங்கின. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"சரிதாம்மா" என்றார். "வெளிச்சத்த மூடிட்டேன். கை வைக்காம விடத் தெரியாமப் போச்சு."

"இப்ப என்ன செய்யணும்?"

"கழுவி எடுக்கணும். எல்லாம் வராது. வர்றது வரட்டும். கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?"

லெயோன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். நிழலில் படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள், தாய்மார்கள் பிள்ளைகளை அணைத்துக்கொண்டார்கள், பர்னபாஸ் பாய்லரின் குழாயைத் திறந்தபடியே விட்டுவிட்டார். "ஐயா, கைய எடுங்க. கமிட்டிய ஒரு வார்த்த கேக்காம..." என்று லெயோன் ஆரம்பித்தார்.

கித்தேரி திரும்பினாள். "இது யாரு மணலு?"

லெயோன் நாற்காலியில் திரும்பவும் உட்கார்ந்துவிட்டார். அவரே சொன்ன வார்த்தை அவர் முன்னால் வந்து நின்றது. பங்குனிக்குப் பிறகு முதல்முறையாக நான் அவளைத் தலைநிமிர்ந்து பார்த்தேன்.

மீன் கழுவ வைத்திருந்த கடல்தண்ணீர் வாளியை அவள் தூக்கிக்கொண்டு வந்தாள். படக்காரர் பலகையை மடியில் கிடத்தி, பெரிய தூரிகையைத் தோய்த்துத் தோய்த்து நிழலை நனைத்தார். ஏழு மாதத்து நிறம் கலங்கி அசைந்தது, துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தார், வந்தது கொஞ்சம், வராதது மிச்சம். தாள் முழுக்க ஈரம் மினுங்கிக்கொண்டு கிடந்தது. கித்தேரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வருடமாக ஈரமாக எதைப் பார்த்தாலும் அவள் கை ஒரு வேலைதான் செய்யும். கடகத்திலிருந்து ஒரு பிடி கல்லுப்பை அள்ளி, கீறி வைத்த மீன்மேல் விசிறுகிற அதே வீச்சில் படத்தின்மேல் விசிறிவிட்டாள்.

விசிறிய பிறகுதான் அவளுக்கே நினைவு வந்தது. "ஐயா, குறளி வித்தையாயிட்டே" என்றாள்.

அவர் தட்டிவிடக் கையைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது. ஒவ்வொரு உப்புக்கல்லும் தன்னைச் சுற்றி இருந்த நிறத்தை உறிஞ்சி இழுத்துக்கொண்டது, இழுத்த இடத்தில் வெள்ளைத் தாள் புள்ளி புள்ளியாகக் கண் திறந்தது, அங்கே ஒன்று, இங்கே ஒன்று, பிறகு ஒரு நூறு. "இருக்கட்டும்" என்றார் படக்காரர். "கை வைக்காத, இருக்கட்டும்."

அதே நேரம் மணலில் கிடந்த நிழலும் புள்ளி விட்டது. என் கால் பக்கத்தில் மிளகளவு வெயில் ஒன்று விழுந்தது, லெயோனின் வழுக்கையில் ஒன்று, தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையின் வயிற்றில் ஒன்று. அப்புறம் அந்த நிழல், வெகுநேரம் தூங்கிவிட்ட மனுசன் எழுந்து பாயைச் சுருட்டுகிற மாதிரி, சிலுவை நுனியிலிருந்து தன்னை மெதுவாகச் சுருட்டிக்கொண்டு எங்கள்மேல் ஏறித் தாண்டி கோபுரத்தின் காலடிக்குப் போய், கோயிலைச் சுற்றிக்கொண்டு மேற்கே இறங்கி, ஆளில்லாத பர்னபாஸ் கடையின்மேல் போய் விழுந்தது. மணி காலை பத்து. நாங்களெல்லாம் கண் கூசிப்போய் நின்றோம். ஏழு மாதமாக நிழலுக்குள் மறந்து வைத்திருந்த பசியும் வேலையும் சண்டையும் ஒன்றாகத் திரும்பி வந்துவிட்டன, பர்னபாஸ் பாய்லரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

ஒன்பதாம் மணலில் வெயில் அடித்தது. கித்தேரி ஒருவரையும் பார்க்கவில்லை, பாயை உதறி விரித்து, சாளையை ஒவ்வொன்றாக வயிற்றுப்பக்கம் மேலே வருகிற மாதிரி அடுக்கினாள். அடுக்கி முடித்துவிட்டு அதன் பக்கத்திலேயே வெயிலில் உட்கார்ந்து அழுதாள்.

உப்பு காய்ந்ததும் படக்காரர் அதைத் தட்டிவிட்டுப் பார்த்தார். நிழல் முன்போலக் குளிரவில்லை, ஆனால் அதற்குள் வெயில் நூறு இடத்தில் உட்கார்ந்திருந்தது, இன்னும் ஒரு நொடியில் எழுந்து போய்விடும் என்று யார் பார்த்தாலும் சொல்லிவிடுவார்கள். மூலையில் பென்சிலால் கையெழுத்துப் போட்டுக் கித்தேரியிடம் கொடுத்தார். எனக்கெதுக்கு என்றவள் வாங்கிக்கொண்டாள். அன்றைக்கு ஐந்தரை பஸ்ஸில் போனவர் அடுத்த வாரம் மூன்றேகால் பஸ்ஸில் வந்து, மடக்கு நாற்காலியோடு ஓட்டமும் நடையுமாகக் களத்துக்குப் போனார்.

"இன்னைக்குக் கெடச்சுதா, ஐயா?" என்று கித்தேரி கேட்டாள்.

"இல்லம்மா, போயிருச்சு" என்றார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை அந்த ஏழு மாதத்தில் நாங்கள் பார்த்ததில்லை.

வெயில் திரும்பி வந்த நாலாம் நாள் அவள் சாளை காய்ந்தது. வெள்ளிக் கம்பி போல விறைத்து, கையில் எடுத்தால் சலசலவென்று சத்தம் வந்தது, ஈரவாடை பேருக்குக்கூட இல்லை. வியாபாரி வந்து மூக்கை நீட்டிப் பார்த்துவிட்டு, இது யாரு கை என்று கேட்டார். அவள் சாக்கைக் கட்டவிடவில்லை, முதலில் காய்ந்த கருவாடு விலைக்கு இல்லை என்று சொல்லிவிட்டாள். முறத்தில் அள்ளிக்கொண்டு, ஏழு மாதமும் தனக்குக் கை அரிசி கொடுத்த வீடுகளுக்கெல்லாம் ஒவ்வொரு வாசலாகப் போய், கொடுத்த கை அளவுக்கே ஒரு கை கருவாடு போட்டாள். லெயோன் வீட்டுக்கும் போனாள். ஆனால் முதலில் வந்தது என் வீட்டுக்கு.

நான் முந்தானையை விரித்தேன். அவள் போட்டாள். "பாய கொஞ்சம் தள்ளித்தான் வச்சிருந்தேன் மதினி, ஒரு சாணு" என்றாள், சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்கு மன்னிச்சிரு என்ற ஒரு வார்த்தை வாய்வரைக்கும் வந்து நின்றுவிட்டது, வெளியே வரவில்லை.

அன்றைக்கு ஊரில் எல்லா வீட்டிலும் ஒரே குழம்பு வாசனை. மறு தை மாதம் கித்தேரி பானைக்குள் கைவிட்டு எடுத்தது பழையபடி பதினான்காம் ஓடு. எனக்கு ஆறு விழுந்திருந்தது. மணலைப் பிரித்துக் கட்டியிருந்த கயிற்றை நான் போய் அவிழ்த்துவிடவில்லை, அவ்வளவு தைரியம் எனக்கு இல்லை. என் பாயைப் பாதியாக மடித்துப் போட்டுவிட்டு, ஓடைக்கரைக்குப் போய் அவள் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, என் மணலின் மறுபாதியில் அவள் மீனை ஊர் பார்க்க அடுக்கினேன். லெயோன் பார்த்தார், பங்குச்சாமி பார்த்து, பாப்போம் என்றார். மறுநாள் விடியுமுன்னே எல்லாரும் கரையில் வந்து நின்று கடல் என்ன செய்யப்போகிறது என்று பார்த்தோம். படகுகள் எல்லாம் வந்தன, மீனும் வந்தது.